பீங்கான் தட்டும் ஆனந்தமங்கலம் ராமரும்: பொருளைப் படம் எடுத்த கதை



வீட்டில் இருக்கிற சின்னச் சின்னப் பொருளையெல்லாம் எப்படிப் படம் எடுக்கிறது, லைட் பாக்ஸ் வாங்கணுமா, ஃப்ளாஷ் இல்லாம முடியுமான்னு கேட்டு ரெண்டு மூணு நண்பர்கள் தனிமடல் போட்டிருந்தாங்க. "ஜன்னல் ஓரமா வைங்க, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத்துணி பிடிங்க"ன்னு ஒரே வரியில் பதில் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நூத்தி எண்பது வருஷக் கதை இருக்கு. பாரீஸ்ல ஆரம்பிச்சு, சென்னை மியூசியம் வழியா, எங்க ஊர்க் கடற்கரைச் சங்கைத் தொட்டு, திருட்டுச் சிலை வழக்கு வரைக்கும் போற கதை. அதனால இது வரலாற்றுப் பதிவு. நுட்பமும் வரும், ஆனா வரலாறு வழியாத்தான் வரும். பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

அசையாத மாடல்கள்

புகைப்படம்னா முதல்ல மனுஷ முகத்தைத்தான் எடுத்திருப்பாங்கன்னு நாம நினைக்கிறோம். இல்லை. பிரான்ஸ்ல லூயி டகேர் தன்னோட முறையை 1839 ஆகஸ்ட் 19 அன்னிக்கு உலகத்துக்கு வெளியிட்டபோது, ஒரு படம் பதிய நிமிஷக்கணக்கில் வெளிச்சம் வேணும். அவ்வளவு நேரம் எந்த மனுஷன் கண் சிமிட்டாம உட்காருவான்? அதனால அசையாத பொருளைத்தான் தேடிப் போனாங்க. டகேர் எடுத்த ஆரம்ப காலப் படங்களில் ஒண்ணு, அலமாரித் தட்டுகளில் வரிசையா அடுக்கின சிப்பி, சங்கு, கல்லாகிப்போன பழைய உயிரினங்கள். பாரீஸ் கலை-தொழில் அருங்காட்சியகத்தில் இன்னமும் இருக்கு.

கடற்கரை ஜில்லாக்காரனான எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு சின்ன சந்தோஷம். உலகத்தின் ஆரம்ப மாடல்களில் நம்ம சங்கு ஜாதியும் ஒண்ணு! ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும். டகேர் முறையில் வெள்ளி பூசின தகட்டிலேயே நேரா படம் விழும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறித்தான் விழும். இதை மனசுல வைங்க, பின்னாடி சங்கு விஷயத்தில் இது முக்கியமா வரப்போகுது.

டால்பட்டின் அலமாரி

இங்கிலாந்தில் அதே காலத்தில் தனியா முயற்சி பண்ணிக்கிட்டிருந்தவர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். லேக்காக் என்ற ஊரில் ஒரு பெரிய பழைய மடம்தான் இவரோட வீடு. காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை பிரதி வேணும்னாலும் போடலாம்னு காட்டினவர் இவர். 1844 ஜூன்ல இருந்து 1846 ஏப்ரல் வரைக்கும் 'தி பென்சில் ஆஃப் நேச்சர்', அதாவது இயற்கையின் பென்சில்னு ஒரு புத்தகத்தை ஆறு பகுதியா வெளியிட்டார். மொத்தம் 24 படங்கள். அச்சில் புகைப்படம் போடும் நுட்பம் அப்போ கிடையாது. அதனால ஒவ்வொரு படத்தையும் தனித்தனியா பிரதி எடுத்து, கையால் ஒட்டின புத்தகம்!

அதில் மூணாவது படம் பீங்கான் சாமான்கள், நாலாவது படம் கண்ணாடிச் சாமான்கள். தன் வீட்டுக் கோப்பை, தட்டு, ஜாடியெல்லாம் தட்டுத்தட்டா அடுக்கி எடுத்திருக்கார். இன்னிக்கு யாராவது விற்பனைக்குப் பொருளை வரிசையா வச்சுப் படம் எடுத்தா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். ஆனா டால்பட் எதையும் விற்கலை. பின்னே எதுக்கு எடுத்தார்?

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: பீங்கான் சேகரிக்கிறவர் தன்னிடம் இருப்பதையெல்லாம் எழுதி விவரிக்க நாளாகும், ஆனா கேமராவுக்குப் பத்துப் பொருளா, நூறு பொருளா என்பது ஒரு பொருட்டே இல்லை, எல்லாத்தையும் ஒரே நேரத்தில் பதிஞ்சிடும். அடுத்து ஒண்ணு சொல்றார் பாருங்க. ஒருவேளை திருடன் அந்தப் பொருட்களைக் கொண்டுபோயிட்டா, இந்த வாயில்லாப் படத்தை நீதிமன்றத்தில் சாட்சியா வைக்கலாமே, அது புதுமாதிரியான சாட்சியா இருக்குமேன்னு.

ஆக, பொருளைப் படம் எடுக்கிற கலை விளம்பரத்தை மனசுல வச்சு மட்டும் பிறக்கலை. பிறந்த அஞ்சாம் வருஷத்திலேயே 'இது என்னுடையதுதான்'னு சொல்ல ஒரு சாட்சியாவும் அதை ஒருத்தர் யோசிச்சுட்டார். இந்தப் பதிவோட மையமே இதுதான்.

டால்பட் வெளிச்சத்தைப் பத்திச் சொன்ன சில குறிப்புகள் இன்னிக்கும் செல்லும். வெள்ளைப் பீங்கானையும் கண்ணாடியையும் சேர்த்து வைக்காதீங்க, கண்ணாடி பதிய ஆரம்பிக்கிறதுக்குள்ள வெள்ளை பதிஞ்சு முடிஞ்சுடும்கிறார். இன்னிக்கு நம்ம செல்போன்லயும் இதே கதைதான். வெள்ளைக் கோப்பைக்குச் சரியா வச்சா பக்கத்தில் இருக்கிற கறுப்புச் சட்டி இருட்டாயிடும். சட்டிக்கு வச்சா கோப்பை வெளுத்துப் போயிடும்.

அஞ்சாவது படமா ஒரு சிலையின் தலையை எடுத்திருக்கார். அங்கேதான் நான் துள்ளிக் குதிச்சேன். சிலையை எடுக்க வெயிலைவிட மேகமூட்டம் நல்லது, வெயிலில் நிழல் கடுமையா விழுந்து உருவத்தைக் குழப்பும். வெயிலில்தான் எடுக்கணும்னா, வெயில் வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைத்துணியைப் பிடிச்சா, நிழலில் மறையற இடத்துக்கும் மெல்லிய வெளிச்சம் கிடைக்கும்னு சொல்றார். 1844-ல சொன்னது! இன்னிக்கு 'ரிஃப்ளெக்டர்'னு வட்டமா மடிச்சு விற்கிறாங்களே, அது டால்பட்டின் வெள்ளைத்துணிதான். நமக்கு ஒரு நாலு முழ வேட்டி போதும்.

இன்னொரு ரகசியம். அதே புத்தகத்தில் நூலகத்துக்குள்ள எடுத்த மாதிரி ஒரு புத்தக அலமாரிப் படம் வரும். அது அறைக்குள்ள எடுத்ததே இல்லை. உள்ளே வெளிச்சம் பத்தாததால் புத்தகங்களை முற்றத்து வெயிலில் அடுக்கி வச்சு எடுத்தது. வீட்டுக்குள்ள வெளிச்சம் இல்லைன்னு புலம்பறவங்களுக்கு இதைவிட நல்ல ஆறுதல் கிடையாது. பொருளை வெளிச்சம் இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போங்க, அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு கேப்டன்

லேக்காக்ல நடந்தது ஒரு ஜமீன்தார் வீட்டுப் பொழுதுபோக்கு. அதே வேலை நம்ம மண்ணில் அரசாங்க உத்தியோகமாகவே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவரை 1856-ல சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரரா நியமிச்சாங்க. 1857 கடைசியிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரைன்னு மாட்டுவண்டியும் பெட்டியுமா சுத்தினார். தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளத்தில் ஓடுற கல்வெட்டை 21 துண்டா எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நம்ம செல்போனில் கையை நகர்த்தி எடுக்கிறோமே பனோரமா, அதை 1858-ல காகித நெகட்டிவில் செஞ்சிருக்கார்!

நம்ம கதைக்கு முக்கியமானது அவர் சென்னை மியூசியத்தில் செஞ்ச வேலை. வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845-ல அமராவதி ஸ்தூபியில் தோண்டி எடுத்த சிற்பப் பலகைகள் சென்னைக்கு வந்து கிடந்தன. 'எலியட் மார்பிள்ஸ்'னு பேர், ஆனா உண்மையில் அது சுண்ணாம்புக்கல். 1858-ல டிரைப் அந்தப் பலகைகளையும் மியூசியத்தின் வேறு சில பொருட்களையும் எடுத்து ஒரு ஆல்பம் ஆக்கினார், எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள். அடுத்த வருஷமே, 1859-ல, 121 கற்கள் கப்பலேறி லண்டன் போயிடுச்சு. இன்னிக்கு அவை பிரிட்டிஷ் மியூசியத்தில். அவை சென்னையில் இருந்தப்போ எப்படி இருந்ததுன்னு காட்ட டிரைப்பின் படங்கள் இருக்கு. டால்பட் சொன்ன வாயில்லா சாட்சி!

புடைப்புச் சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் ஒரே விதிதான். நேர் எதிரே இருந்து வெளிச்சம் அடிச்சா எழுத்தும் உருவமும் தட்டையாப் போயிடும். பக்கவாட்டில் சாய்வா வந்தாத்தான் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நிழல் உட்காரும், எழுத்து எழும்பி நிக்கும். கல்வெட்டு ஆர்வலர்கள் ராத்திரியில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிச்சுப் படிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதே சமாச்சாரம்தான் ஓலைப்பெட்டியின் பின்னலுக்கும்.

டிரைப்பின் வேலை ரொம்ப நாள் நீடிக்கலை. 1859-ல வந்த கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் தாங்கமுடியாத செலவுன்னு முடிச்சு வச்சுட்டார். ஆவணப்படுத்துற வேலைக்குக் காசு ஒதுக்க எந்தக் காலத்திலும் மனசு வராது போல!

நம்ம கடற்கரைச் சங்கு

இப்போ எங்க ஊர்ப் பக்கம் வருவோம். திருப்புல்லாணின்னா உங்களுக்கு ஆதிஜெகந்நாதப் பெருமாளும் தர்ப்பசயன ராமரும் ஞாபகம் வரலாம். இங்கேருந்து சேதுக்கரையும் கீழக்கரையும் கூப்பிடு தூரம்னே சொல்லலாம். இந்தக் கரையில் முத்தும் சங்கும் குளிச்ச வரலாறு நீளமானது. நம்ம கடலில் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் டாக்காவில் வளையலா அறுபட்டது.

இந்தச் சங்கைப் பத்தி உட்கார்ந்து முழுசா எழுதினவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை அரசாங்கத்தின் முத்து, சங்குக் குளிப்புக்குப் பொறுப்பா இருந்தவர். 1914-ல சென்னை மீன்வளத் துறை வெளியீடா இவரோட இந்தியப் புனிதச் சங்கு பற்றிய நூல் வந்தது, படத்தகடுகளோடு. டால்பட் மாதிரி ஒட்டவேண்டிய அவசியம் அப்போ இல்லை. புள்ளிப்புள்ளியாப் பிரிச்சு புகைப்படத்தை அச்சில் ஏத்துற முறை வந்தாச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் பொருள்னா அச்சில் கைச்சித்திரம்தான்.

சங்கைப் படம் எடுக்கிறதில் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கு. வலம்புரி! கோடிக்கணக்கில் கிடைக்கிறதெல்லாம் இடம்புரி, வலம்புரி அபூர்வத்திலும் அபூர்வம். எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீளமான முனை மேலேயும், சுருள் கொண்டை கீழேயும் இருக்கிற மாதிரி, வாய் நம்மைப் பார்க்க வைங்க. வாய் இடப்பக்கம் இருந்தா இடம்புரி, வலப்பக்கம் இருந்தா வலம்புரி. இப்போ யோசிங்க. ஒரு சாதா இடம்புரியை எடுத்து, படத்தை இடம் வலம் திருப்பிப் போட்டா? செல்போனில் ஒரே தட்டு, லட்ச ரூபாய் வலம்புரி ரெடி! டகேர் தகட்டில் நம்ம இடம்புரியை எடுத்திருந்தா அது தானாவே வலம்புரியா விழுந்திருக்கும். அங்கே ஏமாத்தறது கருவியோட குணம். இங்கே ஏமாத்தறது மனுஷனோட குணம்.

இன்னொரு வகை ஏமாத்தும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் ஒரு வகைக் கடல்நத்தை இருக்கு, இயற்கையிலேயே வலம்புரி மாதிரிதான் சுத்தியிருக்கும். அங்கே அது சர்வ சாதாரணம். அதை இங்கே கொண்டுவந்து வலம்புரிச் சங்குன்னு விற்கிறாங்க. வித்தியாசம் வாய்க்குள்ள இருக்கு. நம்ம சங்கின் நடுத்தண்டில் மூணு நாலு மடிப்பு வரி தெளிவா ஓடும். அந்த நத்தைக்கு அது கிடையாது. ஆக, சங்கு விற்கிறவர் வெளிப்பக்கத்தைப் பளபளன்னு எடுத்துப் போட்டா போதாது. வாய்க்குள்ள பக்கவாட்டு வெளிச்சம் போகிற மாதிரி ஒரு படம் வேணும். அதைக் காட்டாதவர்கிட்ட வாங்காதீங்க. எந்தக் கோணத்தை எடுக்காம விட்டிருக்காங்கன்னு பாருங்க, பாதி உண்மை அங்கேயே கிடைச்சுடும்.

வடக்கு ஜன்னலும் நம்ம சூரியனும்

பழைய புகைப்படப் புத்தகங்களில் ஒரு வேதவாக்கு இருக்கும்: ஸ்டூடியோவுக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் வை, நேர் வெயில் உள்ளே வராது, நாள் முழுக்க ஒரே மாதிரி மென்மையான வெளிச்சம். லண்டன்லயும் பாரீஸ்லயும் இது சரி. அங்கே உச்சிச் சூரியன் வருஷம் பூரா தெற்கேதான் இருக்கும்.

திருப்புல்லாணி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதேகால் பாகையில் இருக்கு. நமக்குச் சித்திரை ஒண்ணு வாக்கில் மதியச் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துடும். அதுக்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மதிய வெயில் வடக்கேயிருந்துதான்! அந்த நாலரை மாசம் லண்டன் புத்தகத்தை நம்பி வடக்கு ஜன்னலுக்கு எதிரே குத்துவிளக்கை வச்சா, பட்டை வெயில் வந்து விழும். அந்த மாசங்களில் நண்பகலுக்குத் தெற்கு ஜன்னல்தான் நல்ல பிள்ளை. மத்த மாசத்துக்கு வடக்கு.

இதைவிடச் சுலபமான வழியை நம்ம ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும் எப்பவோ கட்டி வச்சுட்டாங்க. திண்ணை! மேலே தாழ்வாரம் நேர் வெயிலைத் தடுத்துடும். முன்னாடி திறந்த வானம், பெரிய வெளிச்சப் பலகை மாதிரி. கீழே வாசல் மணல், அதுவும் கடற்கரைப் பக்கத்து வெளிர் மணல், வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பும், டால்பட்டின் வெள்ளைத்துணி மாதிரி. வெளிச்சம் மென்மையா இருக்கணும்னா அது வர்ற பரப்பு பொருளைவிடப் பெரிசா இருக்கணும், பக்கத்திலயும் இருக்கணும். பல்பு சின்னது, அதனால நிழல் கத்தி மாதிரி விழும். திண்ணை வெளிச்சம் பெரிசு, நிழல் கரைஞ்சு போகும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குற சாஃப்ட் பாக்ஸ் வேலையைத் திண்ணை இலவசமாச் செய்யும்.

பாண்டிச்சேரிப் பெட்டகம்

டால்பட் 1844-ல "ஒருவேளை திருடன் வந்தா"ன்னு சும்மா ஒரு யோசனையாத்தான் சொன்னார். அது நிஜமா நடந்தது நம்ம தமிழ்நாட்டில்.

பாண்டிச்சேரியில் 1955-ல பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷத்திலிருந்து அதன் ஆட்கள் ஊர் ஊராப் போய்க் கோவில்களையும் சிலைகளையும் படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன, பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கலைப்படம் எடுக்கணும்கிற ஆசையெல்லாம் இல்லை, ஆராய்ச்சிக்கு ஒரு பதிவு வேணும், அவ்வளவுதான். சிலை தெரியணும், முழுசாத் தெரியணும்.

1958-ல ஆனந்தமங்கலம் ராஜகோபாலசாமி கோவிலில் ராமர், லட்சுமணர், சீதை பஞ்சலோகச் சிலைகளை எடுத்தாங்க. 1978-ல அந்தச் சிலைகள் திருடு போச்சு. நாப்பது வருஷம் கழிச்சு லண்டனில் ஒருத்தர் கையில் இருக்கிறது தெரிய வந்தப்போ, அது இந்தக் கோவில் சிலைதான்னு நிரூபிச்சது 1958 படம். 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைச்சாங்க, சிலைகள் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தன.

அதுக்கு முன்னாடியே இன்னொண்ணு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். கோவிலில் இருந்து திருடிக் கடத்தி, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் மூலமா ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல சுமார் அம்பது லட்சம் டாலருக்கு வாங்கினது. பாண்டிச்சேரிப் பெட்டகத்தில் 1994-ல எடுத்த படம் இருந்தது. ஒப்பிட்டாச்சு. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லியில் திருப்பிக் கொடுத்தார்.

இந்த மாதிரித் தேடல்களில் முன்னே நின்னவர் யார் தெரியுமா? சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கிட்டே 'பொயட்ரி இன் ஸ்டோன்'னு சிற்பங்களைப் பத்தி வலைப்பதிவு எழுதின எஸ். விஜயகுமார். நம்ம ஜாதி, பதிவர் ஜாதி! 'இந்தியா பிரைடு ப்ராஜெக்ட்' என்ற தன்னார்வக் குழுவின் நிறுவனர்களில் ஒருத்தர். பதிவு எழுதி என்னத்தைக் கிழிச்சேன்னு வீட்டில் கேட்டா இதைச் சொல்லுங்க :-)

எப்படி ஒப்பிடுறாங்க? நம்ம பஞ்சலோகச் சிலை மெழுகில் செஞ்சு, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேத்திட்டு உலோகம் ஊத்துற முறை. அச்சை உடைச்சுத்தான் சிலையை வெளியே எடுக்கணும். அதனால ஒரு அச்சுக்கு ஒரே சிலை. வார்ப்பில் விழுந்த சின்னப் பள்ளம், ஒடிஞ்ச விரல் நுனி, தேய்ஞ்ச இடம், பீடத்தின் ஓட்டை எல்லாமே அந்தச் சிலையின் கைரேகை மாதிரி.

இங்கே ஒரே பொருளுக்கு ரெண்டு விதமான படத்தை யோசிச்சுப் பாருங்க. வியாபாரியின் பளபளப்பு விற்பனைப் புத்தகத்தில், பின்னாடி சாம்பல் நிறத் திரை, நாடகத்தனமான வெளிச்சம். குறை இருக்கிற பக்கம் நிழலுக்குள்ள போய் உட்காரும். பாண்டிச்சேரிக்காரங்க எடுத்தது கோவிலில் இருந்தபடியே ஒரு சாதாரணப் படம். அழகுப் போட்டி வச்சா எது ஜெயிக்கும்னு தெரியும். நீதிமன்றத்தில் எது ஜெயிச்சதுன்னும் தெரியும்.

நம்ம வீட்டுப் பொருள்

"சரிப்பா, எங்க வீட்டில் என்ன சோழர் சிலையா இருக்கு?"ன்னு கேட்பீங்க. எங்க வீட்டிலும் இல்லை. அப்பத்தாவோட பித்தளை வெத்தலைப் பெட்டி ஒண்ணு இருந்தது. எவர்சில்வர் மோகத்தில் எப்பவோ எடைக்குப் போயிடுச்சு. இப்போ எங்க சித்தப்பா மூடியில் ரெண்டு கிளி இருந்ததுங்கிறார், அத்தை கிளியே இல்லை, அது மயில்தான்னு சாதிக்கிறாங்க. எங்க அப்பாவுக்கு மூடியே ஞாபகம் இல்லை. ஒரே ஒரு படம் இருந்திருந்தா இந்தச் சண்டையே கிடையாது. கல்யாண ஆல்பத்தில் ஆயிரம் முகம் இருக்கு, ஒரு பாத்திரம் தனியா இல்லை. நம்ம ஆட்களுக்குப் பொருளைப் படம் எடுக்கணும்னே தோணினதில்லை.

ஆகவே இனி நுட்பம். மேலே சொன்ன வரலாறு முழுக்க இதில் அடக்கம்.

திண்ணையிலோ, நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஒரு ஸ்டூல் போடுங்க. வெள்ளைச் சார்ட் பேப்பரை மடிப்பு விழாம வளைச்சு, பாதி தரையா, பாதி பின்சுவரா வைங்க. சங்கு மாதிரி வெள்ளைப் பொருளுக்குக் கறுப்பு அல்லது நீலச் சார்ட். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரட்டும், எதிர்ப்பக்கம் வேட்டியையோ தெர்மோகோல் அட்டையையோ நிறுத்துங்க.

வீட்டு டியூப்லைட், பல்பு எல்லாத்தையும் அணைச்சுடுங்க. இது முக்கியம். எங்க ஊர்ப் பக்கம் சாயம் போட்ட ஓலையில் பெட்டி முடையற அக்கா ஒருத்தங்க, வாட்ஸப்பில் படம் அனுப்பி விற்கிறாங்க. குங்கும நிறப் பெட்டி படத்தில் ஒரு மாதிரி, கையில் ஒரு மாதிரின்னு வாங்கினவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. காரணம், ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்து விழுந்தது. ரெண்டுக்கும் நிறம் வேற, கேமரா எதை நம்பும்? பல்பை அணைச்சதும் பிரச்சினை தீர்ந்தது.

ஓலை, துணி, மரம், கல்லுக்கு வெளிச்சம் நல்லாச் சாய்ஞ்சு வரட்டும், டிரைப்பின் கல்வெட்டை நினைச்சுக்குங்க. பித்தளை, எவர்சில்வருக்கு விதியே வேற. அது ஒரு கண்ணாடி. நீங்க படம் எடுக்கிறது பாத்திரத்தை இல்லை, பாத்திரத்தில் தெரியற உங்க சட்டையை! அதனால பாத்திரத்தைச் சுத்தி வெள்ளைத்துணியைக் கட்டி, அது பார்க்கிறதெல்லாம் வெள்ளையா இருக்கும்படி பண்ணுங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு, துணி இடுக்கு வழியா எடுங்க.

செல்போனை மூஞ்சிக்கிட்ட கொண்டுபோய் எடுத்தா செம்பு வயிறு பெருத்துத் தெரியும். ரெண்டடி தள்ளி நின்னு, ரெண்டு மடங்கு ஜூம் வைங்க. வெள்ளைப் பின்னணி சாம்பலா வந்தா, திரையில் பொருளைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏத்துங்க. செல்போனைச் சாய்க்க ஒரு அரிசி டப்பா போதும், டிரைபாட் வேண்டாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் குறைஞ்சது இத்தனை படம் எடுங்க:

1. நேர் முன்பக்கம்
2. பின்பக்கம்
3. ரெண்டு பக்கவாட்டும்
4. அடிப்பக்கம் (பேர் வெட்டியிருப்பது பெரும்பாலும் இங்கேதான்)
5. குறைகள்: ஓட்டை, ஒட்டு, நசுங்கல், தேய்மானம்
6. பக்கத்தில் அளவுகோல் வச்சு ஒண்ணு

அளவுகோல் ஏன்? அகழாய்வுப் படங்களைப் பாருங்க. எங்க மாவட்டத்து அழகன்குளத்தில் 1986-லிருந்து தோண்டினாங்களே, அந்த மாதிரி எந்தத் தளத்துப் படத்திலும் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல் படுத்திருக்கும். அது இல்லாட்டி பானையா கிண்ணமான்னே தெரியாது. 1997-ல 'ஆப்ஜெக்ட் ஐடி'ன்னு உலக அளவில் ஒரு வரைமுறை கொண்டுவந்தாங்க, திருட்டுப் போன கலைப்பொருளை அடையாளம் காண. அதில் முதல் வேலையே படம் எடு, குறையை எடு, அளவுகோல் வை என்பதுதான். 2021-ல இன்டர்போல் இதே முறையில் 'ஐடி-ஆர்ட்'னு ஒரு செயலியே விட்டிருக்கு.

விற்கிறதுக்காக எடுக்கிறவங்களும் இந்த அஞ்சாவது படத்தைத் தவிர்க்காதீங்க. குறையைக் காட்டினா விலை போகாதுன்னு பயம் இருக்கும். ஆனா குறையோட பார்த்து வாங்கினவர் பொருளைத் திருப்பி அனுப்ப மாட்டார். விற்கிற படமும் சாட்சிப் படமும் ஒண்ணாவே இருக்க முடியும். டால்பட்டின் பீங்கான் அலமாரி மாதிரி.

எடுத்ததை செல்போனிலேயே விட்டுடாதீங்க. எந்தப் பொருள், யார் வீட்டுது, எந்த வருஷம்னு ஒரு வரி எழுதி வேற ஒரு இடத்திலும் போட்டு வைங்க. இந்த ஞாயித்துக்கிழமை பரணில் இருந்து ஒரே ஒரு பொருளை இறக்கி எடுத்துப் பாருங்க. வெத்தலைப் பெட்டியோ, பாக்குவெட்டியோ, அஞ்சறைப்பெட்டியோ எதுவானாலும் சரி. அதோட கதையையும் பதிவாப் போடுங்க, பின்னூட்டத்தில் சுட்டி கொடுங்க, கண்டிப்பா வந்து படிப்பேன்.

டிஸ்கி: கடல் பொருட்கள் எல்லாத்தையும் விற்கவோ வாங்கவோ முடியாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை, சில வகைச் சங்கு சிப்பிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருது. படம் எடுத்து விலை போடறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்குங்க. அப்புறம் அந்தப் படமே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லும் :-)